சர்வசன்னத்தர்

பிரயாணம் போகாமலே பிரயாணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருப்பது ஒரு தனி வித்தை. அதில் தேர்ந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்றாலும், மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தைப்பிங்கில் அவர்களுக்கு வாய்த்திருக்கும் சௌகரியம் வேறெங்கும் வாய்க்காது. மழைக்கோட்டு வாங்குவதற்கு ஒரு முகாந்தரம் வேண்டுமென்றால் மற்ற ஊர்க்காரர்கள் பருவம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். தைப்பிங்வாசிக்கோ அந்த முகாந்தரம் அநேகமாகத் தினந்தோறும் பிற்பகலில் வாசலுக்கே வந்து நிற்கிறது. எந்த ஆபத்துக்கும் எந்நேரமும் சித்தமாயிருப்பதாகத் தம்மைக் கருதிக்கொள்ளும் இந்த வகுப்பாரைச் சர்வசன்னத்தர் என்று நான் அழைத்துவருகிறேன். இந்தப் பட்டத்துக்கு வீரம் தேவையில்லை. பெரிய அலமாரி ஒன்று இருந்தால் போதும்.

முதலில் மழையைச் சொல்லிவிட வேண்டும். மலாக்கா நீரிணையின் ஈரத்தைச் சுமந்துவரும் காற்று, ஊருக்குக் கிழக்கே நிற்கும் பிந்தாங் மலைத்தொடரில் முட்டி, மேலே ஏறி, குளிர்ந்து, சுமையை இறக்கிவைக்க வேறிடம் காணாமல் தைப்பிங்கின் தலையிலேயே இறக்கிவிடுகிறது. வருஷத்துக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். அதாவது சென்னைப் பட்டணம் காண்பதில் மும்மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஈயச் சுரங்கக் குழிகளில் நீர் நிரம்பி 1880இல் பூந்தோட்டமாக உருவெடுத்த ஏரிகளும், அவற்றின் கரையிலிருந்து சாலையையே தாண்டி நீரைத் தொடக் கிளை நீட்டியிருக்கும் தூங்குமூஞ்சி மரங்களும் இந்த மழையின் தயவில் வாழ்கின்றன. முன்னாளில் இன்றைக்கு மழை எத்தனை மணிக்கு என்று பந்தயம் கட்டிப் பணம் வைப்பார்கள் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பந்தயம் கட்டினார்களே தவிர, மழையோடு யாரும் சண்டைக்குப் போகவில்லை. ஒரு குடை, அது இல்லாவிட்டால் கடைவரிசையின் அஞ்சடி நடைபாதை, அங்கே ஒரு கோப்பி, 'இப்ப விட்டுடும்' என்ற நம்பிக்கை: இவ்வளவுதான் ஊராரின் மழைச்சாதனம்.

சர்வசன்னத்தருக்கு இது போதாது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் அமர்ந்த பிறகு, வீட்டிலிருந்து வங்கிக்கும், வங்கியிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து வீட்டுக்குமாக நடப்பதே அவருடைய நித்திய சஞ்சாரம். அந்தச் சஞ்சாரத்துக்கு அவர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பையைத் திறந்து பார்த்தால் இரண்டு டார்ச் விளக்குகள் இருக்கும்; முதலாவது தொலைந்தால் இருட்டில் அதைத் தேடுவதற்கு இரண்டாவது. ஓர் ஊதல், நனைந்த கையாலும் நெருப்புண்டாக்கும் ஓர் உரசுகோல், இதுவரை ஒரு வெங்காயத்தையும் கண்டறியாத மடக்குக்கத்தி, ஆற்று நீரை வடிகட்டிக் குடிக்கும் குழாய், மடித்தால் சீட்டுக்கட்டளவே வரும் வெள்ளித்தாள் போர்வை, இவை அனைத்துக்கும் மேலே ஒரு திசைகாட்டி. எந்தத் தெருமுனையில் நின்று தலையை நிமிர்த்தினாலும் கிழக்கே மலை தெரிகிற ஊரில் திசைகாட்டியின் உபயோகம் யாதென்று கேட்டால், "மேகம் மறைச்சிட்டா?" என்று திருப்பிக் கேட்பார். இத்தனை சன்னத்தமும் வங்கி முகப்பில் படிவத்தை நிரப்பும்போது சற்றே தளர்ந்துவிடும்; பக்கத்தில் நிற்பவரிடம் பேனா இரவல் வாங்குவார்.

அவருடைய மகுடம் மழைக்கோட்டு. அதை அவர் தேர்ந்தெடுத்த கதையைக் கேட்க ஒரு சாயங்காலம் முழுவதும் வேண்டும். ஒரு துணியின்மேல் நீரை நிறுத்தி, எத்தனை உயரம் நின்றால் அது கசியத் தொடங்குகிறது என்று மில்லிமீட்டரில் அளந்து விற்கிறார்கள் என்பதை அறிந்த நாள்முதல் அவருக்கு உறக்கம் இல்லை. 10,000 என்று போட்டிருந்ததைத் தள்ளிவிட்டு 20,000 என்று போட்டிருந்ததை வாங்கினார். தைப்பிங்கில் வருஷத்துக்கு 4,000 பெய்வதால், ஐந்து வருஷத்து மழை ஒரே நாளில் வந்து விழுந்தாலும் தாம் நனையமாட்டார் என்பது அவருடைய கணக்கு. வானத்திலிருந்து விழும் துளி துணியை அவ்வளவு அழுத்துவதில்லை என்பதும், ஈரப் பெஞ்சில் உட்காரும்போதும், மூட்டையின் வார் தோளை இறுக்கும்போதும்தான் அந்த எண்ணுக்கு வேலை என்பதும் அவருக்கும் தெரியாதவையல்ல. ஆனால் கணக்கு அழகாக இருக்கிறது, அதை எதற்குக் கெடுப்பது?

அந்தக் கோட்டின் வயிற்றுக்குள் ஒரு சவ்வு உண்டு. 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், சூடாக்கிய ஒருவகைப் பிளாஸ்டிக் கோலை மெதுவாக இழுத்து இழுத்துப் பார்த்து அலுத்து, கடைசியில் வெடுக்கென்று இழுத்துவிட, அது அறுந்துபோகாமல் நுண்துளைகள் நிறைந்து நீண்டதாம். அதிலிருந்து பிறந்த வம்சம் இது. நீர்த்துளி நுழைய முடியாத, ஆனால் வியர்வையின் ஆவி வெளியேறப் போதுமான துளைகள். அதிசயமான பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆவி வெளியேற வேண்டுமானால் கோட்டுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே அது குறைவாக இருந்தாக வேண்டும். குளிர்நாட்டு மலைகளில் அப்படித்தான் இருக்கிறது. மழை பிடித்த தைப்பிங்கிலோ, வெளிக்காற்றே இனி ஒரு சொட்டு ஈரமும் தாங்காது என்கிற நிலையில் நிற்கும்போது, சன்னத்தரின் வியர்வை எங்கே போகும்? ஏரிக்கரையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து அவர் கோட்டைக் கழற்றியபோது பனியன் பிழியப் பிழியச் சொட்டியது. "வெளியிலேருந்து ஒரு துளி வந்திருக்கா, பாருங்க!" என்று அப்போதும் சவால் விட்டார்.

ஆனால் அந்தச் சுற்றும் ஒரே ஒரு தடவைதான். அதற்குப் பிறகு கோட்டைப் பையில் மடித்துவைத்துக்கொண்டு, மழை வந்தால் எல்லாரையும் போல அஞ்சடியிலே ஒதுங்கி நிற்கலானார். கோத்தா சாலையில் அப்படி ஒரு நாள் அவர் நிற்கும்போது, பக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்த பையன் கேட்டான்.

"அண்ணே, பையில மழைக்கோட்டு இருக்குல்ல? போட்டுக்கிட்டுப் போகலாம்ல?"

"இது மலைக்கு வாங்கினது தம்பி. இந்த மழைக்கெல்லாம் இதை எடுக்கக் கூடாது."

"அப்ப இந்த மழைக்கு?"

"அதுக்கு வேற ஒண்ணு சொல்லியிருக்கேன். வந்துக்கிட்டிருக்கு."

பையன் தன் பழைய சட்டையொன்றை முன்புறம் பின்புறமாக, முதுகுப் பக்கம் நெஞ்சை மூடும்படி மாட்டிக்கொண்டு, சீறிக்கொண்டு போய்விட்டான். இந்நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பலரும் செய்கிற காரியம் இது. காற்றும் சாரலும் நெஞ்சில் அறையாமல் இருக்க இதைவிட மலிவான உபாயம் இல்லை. சன்னத்தர் மட்டும் முகம் சுளித்தார்.

இவருடைய மனைவி ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் என்பதை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் உண்மையான வியாக்கியானம் அந்த அம்மாளிடம்தான் இருக்கிறது. பால்மரம் வெட்டியவர்களுக்கு மழை என்பது நனைவதைப் பற்றிய பிரச்சினையே அல்ல. மரப்பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுவாயின் வழியே இறங்காமல் பட்டையெங்கும் பரவிவிடும். மங்குக் கிண்ணத்தில் விழுந்த பாலும் மழைநீரோடு கலந்து வீணாகிவிடும். ஆகவே விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று வானத்தைப் பார்ப்பது, அன்றைய கூலியைப் பார்ப்பதாகும். வெட்டப் போன பின் நடுவிலே மழை பிடித்துக்கொண்டால், அவர்கள் போட்டுக்கொண்டது உரச்சாக்கு. சாக்கின் அடிமூலைகளில் ஒன்றை மற்றொன்றுக்குள் தள்ளிவிட்டால் தலைக்கு ஒரு கூம்பு கிடைக்கும். மிச்சம் முதுகை மூடி முழங்கால்வரை தொங்கும். கைகள் இரண்டும் வாளிக்கும் கத்திக்கும் விடுதலையாக இருக்கும். காற்று கீழ்வழியாகத் தாராளமாகப் போய்வரும், வியர்வைக்குச் சவ்வு வேண்டியதில்லை. 1823இல் கிளாஸ்கோ நகரத்து சார்லஸ் மாக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கிடையில் ரப்பரைப் பூசி மழைக்கோட்டுக்கு உரிமம் பெற்றார்; 1877இல் இதே பேராக்கில், தைப்பிங்குக்குத் தென்கிழக்கே உள்ள கோலகங்சாரில், ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. அந்த மரத்தின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டினார்கள். ரப்பர் பூசிய கோட்டு துரையின் தோளில் இருந்தது, வெட்டியவர் தோளில் உரச்சாக்கு இருந்தது. இதை அந்த அம்மாள் மனக்கசப்போடு சொல்வதில்லை. "எங்கப்பா சாக்கு போட்டுக்கிட்டே முப்பது வருஷம் வெட்டுனாரு, சளி புடிச்சதில்ல," என்பதோடு நிறுத்திக்கொள்வார். சன்னத்தர் அப்போது பேச்சை மாற்றுவார்.

முதுகுப்பைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இருபது லிட்டர், நாற்பது லிட்டர், அறுபத்தைந்து லிட்டர் என்று மூன்று உண்டு. பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கும் வாரைப் பற்றி அவர் செய்யும் பிரசங்கம் நியாயமானதுதான். ஒவ்வொன்றுக்கும் மழையுறை இருந்தும், முதுகுக்கும் பைக்கும் நடுவே வழியும் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது என்பதைக் குளியலறையில் வைத்து அவரே நிரூபித்திருக்கிறார். பைக்குள்ளே ஒரு தடித்த குப்பைப் பையை விரித்துச் சாமான்களை அதில் போட்டுக் கட்டிவிட்டால் தீர்ந்தது. அதன் விலை சில காசுகளே என்பதுதான் அவர் மனத்தைச் சமாதானமடைய விடாத விஷயம்.

படுக்கை வேறு கதை. சைபருக்குக் கீழே ஐந்து டிகிரி குளிரிலும் சுகமாக உறங்கலாம் என்று உறுதி கூறும், வாத்தின் மென்தூவி அடைத்த உறக்கப்பை ஒன்றை வரவழைத்திருந்தார். அவர் போகவிருக்கும் இடமோ புக்கிட் லாருட். 1884இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய மலைவாசஸ்தலம், முதியோர் இன்றும் மேக்ஸ்வெல் மலை என்று சொல்லும் இடம். ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்தில் இரவிலும் குளிர் பதினைந்து டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்; ஒரு கைலியும் கம்பளிச்சட்டையும் போதும். சோழமண்டலக் கரையின் பழவேற்காட்டிலிருந்து ஒரு காலத்தில் கப்பலேறி வந்த கட்டம் போட்ட கைலியை இந்நாட்டு மக்கள் உடுத்தவும் போர்த்தவும் தொட்டில் கட்டவும் பயன்படுத்துகிறார்கள். நனைந்தாலும் ஒரு மணி வெயிலில் காய்ந்துவிடும். தூவியோ, தனக்குள் காற்றைப் பிடித்து வைத்திருக்கும்வரைதான் வெப்பம் தரும். ஈரம் பட்டால் உருண்டு கட்டிதட்டிவிடும். ஈரத்துக்குப் பஞ்சமில்லாத மலைக்கு இதைவிடப் பொருந்தாத வஸ்துவைத் தேடினாலும் கிடைக்காது. ஆயினும் அவர் அதைப் பரீட்சை செய்யத் தீர்மானித்து, ஓரிரவு கூடத்து ஏர்கோனைப் பதினாறில் வைத்து, தரையில் பையை விரித்து, உள்ளே நுழைந்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டார். நடுநிசிக்கு முன்பே ஜிப் துணியைக் கவ்விக்கொண்டு நகர மறுத்தது.

"ஏங்க, இந்த மாசக் கரண்டு பில்ல யாரு கட்றது?"

"சும்மா இரு. பரீட்சை நடக்குது."

"குளுரைப் பரீட்சை பண்றவரு எதுக்கு விசிறி கேக்குறீங்க?"

மலைப்பிரயாணம் அடுத்த பள்ளி விடுமுறைக்கு ஒத்திவைக்கப்பட்டது; பிறகு தீபாவளிக்கு; பிறகு தைப்பூசத்துக்கு. ஒவ்வொரு முறையும் ஒரு சாமான் குறைவாயிருந்தது.

இப்படியிருக்க, அண்மையில் அலமாரியைத் திறந்தபோது புளித்த வாடை அடித்தது. கூடாரத்தின் தரை தன்மீதே ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய மழைக்கோட்டுகளின் உள்பூச்சு வெண்செதிலாக உதிர்ந்து அவருடைய கால்விரல்களின்மேல் விழுந்தது. பூஞ்சணமும் உண்டு என்றாலும் முதற்குற்றவாளி அது அல்ல. பாலியூரித்தேன் என்னும் அந்தப் பூச்சைக் காற்றின் ஈரமே நாளடைவில் சிதைத்துவிடும்; வெப்பமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்; மடித்து மூடிவைத்தால் கேட்கவே வேண்டாம். ஒரு மழையையும் காணாத கோட்டுகளை மழையூரின் காற்று அலமாரிக்குள்ளேயே வந்து முடித்துவிட்டது. வாசலில் மாட்டியிருந்த அம்மாளின் குடைக்கு ஒரு கம்பி வளைந்ததைத் தவிர யாதொரு சேதமும் இல்லை.

வேறொருவராயிருந்தால் இடிந்துபோயிருப்பார். சன்னத்தர் மறுநாளே கையில் அளவுநாடாவோடு அடுப்படியில் நின்றார். படம் பிடிக்கிறவர்கள் தங்கள் லென்ஸுகளைப் பூஞ்சணத்திலிருந்து காக்க, ஈரத்தை உறிஞ்சும் மின்பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதைப் பற்றி அவர் விசாரித்துவிட்டார்.

"மழைக்கோட்டுக்கு ஈரம் படாம இருக்க ஒரு பெட்டியா?" என்றார் அம்மாள்.

"ஈரம் இல்ல, ஈரப்பதம். நாப்பது சதவீதத்துல நிறுத்தணும்."

அறுபது லிட்டர்ப் பெட்டியில் கூடாரம் அடங்காதாகையால் இருநூறு லிட்டர்ப் பெட்டியே வாங்குவதென்று முடிவாகிவிட்டது. அது வந்தால் அரிசி டின்னை எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.