முகூர்த்தம் பார்க்கும் கடனாளி

கடன் வாங்கும்போது இவருக்கு ராகு காலமும் இல்லை, எமகண்டமும் இல்லை. அஷ்டமியானால் என்ன, நவமியானால் என்ன, "அண்ணே, ஒரு அவசரம்" என்று வாசலில் வந்து நின்றுவிடுவார். திருப்பிக் கொடுக்கத்தான் பஞ்சாங்கம் வேண்டும்.

அதற்கென்றே ஒரு நேரம் இருக்கிறது, மைத்ர முகூர்த்தம். வாட்ஸப் வைத்திருக்கிற எல்லாருக்கும் எந்தச் சித்தப்பாவாவது அனுப்பியிருப்பார். அசுவினி நட்சத்திரமும் மேஷ லக்னமும் கூடுகிற வேளை, அனுஷமும் விருச்சிக லக்னமும் கூடுகிற வேளை. செவ்வாய்க்கிழமையாகவும் அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அசலில் ஒரு துளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மீதிக் கடன் மளமளவென்று அடைந்துவிடும் என்பது நம்பிக்கை. முதல் தவணையைக் கட்ட வைப்பதுதான் பெரும்பாடு என்று தெரிந்த எந்தப் பெரியவரோ வகுத்திருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மீதி தானாக அடையும் என்ற பாதியை மட்டும் இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

எனக்குத் தர வேண்டியது 30,000 ரூபாய். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வருவது 101 ரூபாய். முதல் நாள் மாலையே போன் வந்துவிடும். "அண்ணே, நாளைக்கு விடியக்காலம் ரெண்டு பத்துலேருந்து நாலு வரைக்கும். போனை சைலன்ட்ல போட்டுடாதீங்க." சித்திரையில் மேஷ லக்னம் சூரியன் உதிக்கும்போதே வரும், அது பரவாயில்லை. ஆனி பிறந்தால் பின்னிரவுக்குப் போய்விடுகிறது. வானத்தில் லக்னம் நகர நகர என் தூக்கமும் நகர வேண்டும். பணம் அனுப்பினால் மட்டும் போதாதாம். வாங்கியவர் மனமுவந்து "வந்துவிட்டது" என்று சொன்னால்தான் பலிக்கும் என்று யாரோ ஜோசியர் சொல்லியிருக்கிறார். அந்த ஜோசியருக்கும் இவர் பாக்கி வைத்திருக்கிறார் என்பது என் சந்தேகம்.

ஒரு தடவை பேங்க் சர்வர் படுத்துவிட்டது. மனிதர் விடவில்லை. லக்னம் முடியக் கால்மணி இருக்கும்போது பைக்கை எடுத்துக்கொண்டு, நூறு ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய் நாணயமுமாக வந்து அழைப்புமணியை அடித்தார். தெருநாய்கள் மொத்தமும் எழுந்துகொண்டன. கைலியோடு கதவைத் திறந்து நான்தான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "ஆரம்பிச்சாச்சுண்ணே!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஏற்கெனவே எத்தனை தடவை ஆரம்பித்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மாதம் இரண்டு முகூர்த்தம் என்று வைத்தாலும் என் பணம் முழுதாக வந்துசேர 12 ஆண்டுக்கு மேல் ஆகும். இதைச் சொன்னால், "அப்படிக் கணக்குப் போடக் கூடாதுண்ணே, மீதி மொத்தமா வந்துரும்" என்பார். எங்கிருந்து வரும் என்பது அவருக்கும் லிங்கேஸ்வரருக்கும் இடையில் உள்ள விஷயம். கும்பகோணத்திலிருந்து குடவாசல் போகிற வழியில் திருச்சேறையில் ருண விமோசன லிங்கேஸ்வரர் சந்நிதி இருக்கிறது. 11 திங்கட்கிழமை வேண்டிக்கொண்டால் கடன் தீரும் என்பார்கள். போய் வந்தார். போக வர ஆன செலவைக் கிரெடிட் கார்டில் தேய்த்தார்.

இந்தக் கார்டு விஷயத்தில்தான் எனக்குச் சிரிப்பு நின்றுபோகிறது. தெருமுனையில் மூன்று வட்டிக்குக் கொடுப்பவரைப் பார்த்தால் மீட்டர் வட்டிக்காரன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாதம் மூன்றரை வாங்குகிற கார்டு பையில் மரியாதையாக இருக்கும். ஆண்டுக்கு 42 விழுக்காடு. அந்த வட்டிக்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி வேறு. மினிமம் டியூ என்று ஐந்து விழுக்காட்டைக் கட்டிவிட்டு, "இந்த மாசம் முடிஞ்சுது" என்று கையைத் தட்டிவிட்டுக்கொள்வார். பாக்கியை முழுசாகக் கட்டாதவருக்குப் புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்று எத்தனை முறை சொல்லியாயிற்று! வட்டியே இல்லாத என் கடனுக்கு நட்சத்திரம் பார்க்கிறார். குட்டி போடுகிற கடனைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஊரெல்லாம் நூற்றியொன்று நூற்றியொன்றாக இறைப்பதை நிறுத்திவிட்டு அத்தனையையும் அந்தக் கார்டில் கட்டித் தொலையுங்கள், என் பணம் பிறகு வரட்டும் என்றேன். "உங்க கடன்தாண்ணே உறுத்துது, பேங்க்காரன் யாரு, எவரு?" என்றார். இந்த மாதிரி ஆளிடம் எப்படிக் கோபப்படுவது?

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்கினவர்கள் நம் நம்பரை பிளாக் செய்துவிட்டுக் கல்யாண வீட்டில் தூணுக்குப் பின்னால் சாப்பிடுகிற காலம் இது. இவர் நேரே வந்து பக்கத்து இலையில் உட்காருவார். உட்கார்ந்து, அடுத்த அனுஷம் என்றைக்கு என்றும் சொல்வார்.

இவர் வீட்டில் ஒரு கடன் உண்மையாகவே அடைந்திருக்கிறது. மளிகைக்கடைப் பாக்கி. அவர் மனைவி பிளவுஸ் தைத்துச் சேர்த்த பணத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, ராகு காலம் நடுவில் இருக்கும்போது போய், மொத்தத்தையும் கட்டி நோட்டில் கோடு போட வைத்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை வீட்டை விட்டுக் காசு போகலாமா என்று இவர் குதித்திருக்கிறார். "வேற என்னிக்கு வெச்சிருந்தாலும் நீங்க எடுத்திருப்பீங்க" என்று அந்த அம்மாள் சொன்னதாகக் கேள்வி.

பஞ்சாங்கம் கணிப்பவர்களுக்கு என் தாழ்மையான விண்ணப்பம்: முதல் தவணைக்கு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டீர்கள், சந்தோஷம். மீதி 29,000 சொச்சத்தைக் கொடுக்கவும் ஒரு முகூர்த்தம் கண்டுபிடித்து வருகிற சித்திரைப் பஞ்சாங்கத்திலேயே போடுங்கள். மாதாமாதம் சம்பளம் வருகிற அன்று மாலைக்குள் அது அமைந்துவிட்டால், நட்சத்திரம் எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.