ஈர் முதல் பெருமாள் வரை: ஓர் உச்சந்தலை ஆய்வு

‘ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது’ என்ற வழக்கை, ஒன்றைப் பத்தாக்குவோரை ஏசும் சொல் என்றே இதுவரை எண்ணியிருந்தோம். அது ஓர் உயிரியல் சூத்திரம் என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம்: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளின் தலை. ஆய்வகம்: கொல்லைப்புறப் படிக்கட்டு. தலைமை ஆய்வாளர்: என் மாமியார். கருவிகள்: பேன்சீப்பு, ஈர்கொல்லி, இரண்டு கட்டைவிரல் நகங்கள்.

முதல் இரு நிலைகளில் கருத்து வேறுபாடு இல்லை. பெண் பேன் நாளொன்றுக்கு ஆறிலிருந்து எட்டு ஈர் வரை மயிரடியில் பசை வைத்து ஒட்டுகிறது. ஏழு முதல் பத்து நாளில் அவை பொரிகின்றன. மேலும் பத்து நாளில் குஞ்சு முழுப்பேனாகிறது. 1758இல் இதற்கு லத்தீனில் பெயர் சூட்டிய லின்னேயஸ் இத்துடன் நின்றுவிட்டார். மூன்றாம் நிலை அவர் கண்ணில் படவில்லை.

பரவலைப் பார்ப்போம். பேனுக்குச் சிறகில்லை; குதிக்கவும் வராது. தலையோடு தலை ஒட்டினால் நடந்துதான் போயாக வேண்டும். எனவே பேன் பரவல் நட்புக்கு நேர்விகிதம். கணக்குப் பாடம் முழுக்கக் காத்திருந்த பேன், இரு ரெட்டைச் சடைகள் ரகசியம் பேசும் அரை நிமிடத்தில் அக்கரை சேர்ந்துவிடுகிறது.

இனி, மூன்றாம் நிலைக்கான சான்றுகள்.

சான்று 1, மறைந்தருளல்: தேடினால் அகப்படாது. விருந்தாளி வந்தால் நெற்றியில் தானே காட்சி தரும்.

சான்று 2, மறு அவதாரம்: மருந்துக்கடை லோஷனில் பேன் மாளும், ஈர் தப்பும். ஒன்பதாம் நாள் மறுபடி தேய்க்க மறந்தோம், அவதாரம் நிகழ்ந்தது. சீத்தாப்பழ விதைப்பொடி கண்ணில் பட்டால் புண்ணாக்கும் என்பதால் ஆய்வுக்குழு அதைத் தொடவில்லை.

சான்று 3, அனாதி: எங்கிருந்து தொற்றியது என விசாரித்தேன். நாங்கள் முன்பெஞ்சுப் பிள்ளையைக் கைகாட்டினோம். அந்த வீட்டார் ஜன்னலோரப் பிள்ளையை. அவர்கள் கடைசிப் பெஞ்சை. கடைசிப் பெஞ்சு வீட்டார் எங்களை. ஆக, பேனுக்கு ஆதியில்லை.

“ஆதியும் இல்லை, அந்தமும் இல்லை. பெருமாளேதான்!” என்று படிக்கட்டில் நின்று முடிவை அறிவித்தேன்.

தலைமை ஆய்வாளர் நிமிரவில்லை.

“அந்தம்தானே மாப்பிள்ளை? இந்தாங்க” என்றவர், ‘ஸ்ஸ்’ என்று இரு நகங்களையும் சேர்த்தார்.