குளோபல் ஸ்டைலும் அம்மாவின் சுளகும்

எங்கள் வாழைச்சேனையில் எந்த வீட்டுக்குப் போனாலும் பாதி உலகம் விறாந்தையிலேயே வரவேற்கும். சவூதிக் கம்பளத்தில் மான்கள் தண்ணீர் குடிக்கும். கனடா மணிக்கூடு கனடா நேரத்தையே காட்டும். சுவிஸ் சொக்லேட் டின்னைத் திறந்தால் ஊசியும் நூலும். போனவர்களின் பெட்டி எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு அலங்காரம். இதற்கு ‘குளோபல் ஸ்டைல்’ என்று பெயர் இருப்பதும், அதைச் செய்து தரக் காசு வாங்குவார்கள் என்பதும் மகள் கொழும்பு வெள்ளவத்தையில் ஃபிளாட் வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஃபிளாட்டை வடிவமைக்க வந்த டிசைனர் தம்பி மடிகணினியைத் திறந்தான். லூயிஸ் பராகான் என்ற மெக்சிக்கோக் கட்டடக் கலைஞர் 1948-இல் தனக்கென்று கட்டிய வீட்டின் படங்கள். சில சுவர்கள் இளஞ்சிவப்பு.

“இது தும்புமுட்டாஸ் நிறமெல்லோ!” என்றார் என் அம்மா. தம்பி அதையும் குறித்துக்கொண்டான்.

சுவருக்கு மெக்சிக்கோ, மூலைக்கு மொரோக்கோ என்று முடிவாயிற்று. மொரோக்கோ விளக்கு உடம்பெல்லாம் துளை. கூரையில் நட்சத்திரம் கொட்டும். கீழே பேப்பர் வாசிக்க வேறு விளக்குப் போடவேண்டும். சுவரின் கீழ்ப்பாதியை எந்த நாட்டையும் கேட்காமல் பேரன் கிரேயோனால் முடித்துவிட்டான்.

மருமகன் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவைப் பேச்சுக்கு இழுத்தார். கொழும்பு 33-ஆம் ஒழுங்கையில் பாவா நான்கு சின்ன வீடுகளை ஒன்றாக்கினார். உள்ளே செட்டிநாட்டுத் தூண்கள், ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃப்ரெண்ட் வரைந்த கதவு. உண்மைதான். அந்தச் செட்டிநாட்டு வீடுகளே பர்மாத் தேக்கும் இத்தாலி மாபிளும் கலந்தவைதானே. ஆனால் பாவா 1958-இல் தொடங்கி ஏறத்தாழ பத்து வருடம் எடுத்துக்கொண்டார். எங்களுக்கு வங்கிக் கடன் அவ்வளவு அவகாசம் தரவில்லை. கிடைத்ததை வைத்து வீடு வளர்வது ஒன்று, ஒரே கிழமையில் உலகத்துக்கு ஓடர் கொடுப்பது வேறொன்று என்பது என் கட்சி. என் கட்சியில் நான் மட்டும்தான்.

கடைசியில் தம்பிக்கு ‘அசல் சாமான்’ ஏதாவது வேண்டியிருந்தது. ஊருக்கு வந்தவன் கொடியில் காய்ந்த என் மருதமுனைச் சாரனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். பார்பரா சன்சோனி 1964-இல் தொடங்கிய பெயர்ஃபுட் கடையின் கைத்தறித் துணிகளில் பச்சைக்குப் பக்கத்தில் ஊதாவைத் துணிந்து வைப்பார்களாம். என் சாரனிலும் அந்தத் துணிச்சல் இருக்கிறதாம். வைக்கோலைக் காகிதமாக்கிய ஆலை எழுந்த ஊர் எங்களுடையது. ஒன்றை வேறொன்றாக்குவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் சாரன் குஷன் உறையாகும்போது உடுத்தியிருந்தவனிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

அம்மாவின் பன்பாயும் உறியும் சுளகும்கூட வெள்ளவத்தைக்குப் போயின. சுளகைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள்.

பிறகு அம்மா அங்கே தங்கப் போனார். முதல்நாளே சுளகைக் கழற்றி, பன்பாயை விரித்து, மொரோக்கோ மூலையில் அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டார். முடிந்த வேலையைப் படமெடுக்க வந்த தம்பிக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

“அம்மம்மா, அப்பிடியே இருங்க, அசையாதீங்க!”

“அசையாம எப்பிடி மகன் புடைக்கிற? கெமராவை அங்கால வெச்சிட்டு வந்து கல்லைப் பொறுக்கு.”