பல்லைக் கடிச்சா பதக்கமா குடுக்கப் போறாக?

ஏத்தா, விடியக்காலம் கட்டில்ல புரண்டு படுக்கையில ஒரு முனகல் முனகுனியே, அது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. கேட்டதும் உம் மாமியா என்ன சொன்னா தெரியுமா? "மாசமா இருந்தா இடுப்பு வலிக்கத்தேன் செய்யும், நாங்க பெறாத பிள்ளையா?" அவ யாரு, எங் கொழுந்தன் மகதானே. தலைப்பேறுக்கு மாட்டுவண்டியில கூட்டியாந்தப்ப, சக்கரம் பள்ளத்துல எறங்குற ஒவ்வொரு தடவையும் புருசன் பரம்பரையையே வஞ்சுக்கிட்டு வந்தா. பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு வந்தவ நாந்தேன். இப்ப அம்புட்டும் மறந்துபோச்சு அவளுக்கு. பெத்து முடிச்சவளுக்கு வலிதேன் மறக்கும், வாய் மறக்காது.

இந்த 'நாங்க பெறாத பிள்ளையா' கோஷ்டிக்கு ஊருல ஆள் கொறைச்சலே இல்ல. பொறுத்துக்கன்னு சொல்றதுக்குக் காசு செலவில்ல பாரு. நீயும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திரியுற. நல்ல பொறுமைசாலிப் புள்ளைன்னு நாலு பேரு சொல்லுவாக. அந்தப் பேரைக் காட்டுனா ரேசன் கடையில ஒரு கிலோ சீனி கூடப் போடுவாகளா? போட மாட்டாக.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? என் முழங்காலுக்கு டவுன்ல பிசியோதெரபி பாக்கப் போறேன்ல, அந்தப் புள்ளைகிட்ட உங் கதையையும் சேத்துச் சொல்லிக் கேட்டுட்டு வந்தேன். ஒரு பீஸுக்கு ரெண்டு வைத்தியம். அந்தப் புள்ளை கடைசியில சுதாரிச்சுக்கிட்டு, "பாட்டி, அவுகள நேர்ல கூட்டிட்டு வாங்க"ன்னுச்சு. வெவரமான புள்ளைதேன்.

அது சொன்னதைக் கேட்டுக்க. இடுப்பெலும்பு முன்னால அடிவயித்துக்குக் கீழ ஒரு எடத்துல சேருது, பின்னால முதுகெலும்பு அடியில ரெண்டு பக்கமும் சேருது. ஆக மூணு மூட்டு. பிள்ளை வெளிய வரணுமேன்னு உடம்பு ஒரு சுரப்பை விட்டு அங்க இருக்குற ஜவ்வைத் தளத்தி விடுது. முன் மூட்டுல சாதாரணமா 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமாம், மாசமா இருக்கையில இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடுமாம். ஒரு அரிசி மணி அகலந்தேன். அதுக்கா இந்தப் பாடுன்னு நானும் கேட்டேன். தளர்றது எல்லாருக்குந்தேன் பாட்டி, சில பேருக்குத்தேன் மூட்டு மூணும் ஒண்ணா அசையாம ஆளுக்கொரு பக்கம் இழுக்குது, அப்பத்தேன் வலின்னுச்சு. கீல் தளந்த கதவு தெரியுமில்ல? சும்மா கெடக்கும்போது ஒண்ணும் தெரியாது, தெறந்து மூடையிலதேன் கத்தும். உனக்கும் அதேதேன். உக்காந்திருக்கையில மகாராணி, எந்திரிச்சா அய்யோ அம்மா.

அஞ்சு கர்ப்பிணியில ஒருத்திக்கு இது வருதாம். அப்படின்னா நம்ம தெருவுலயே எத்தனை பேரு வாய மூடிக்கிட்டு நடந்திருப்பாக, கணக்குப் போட்டுக்க. பெல்விக் கர்டில் பெயின்னு பேரும் வச்சிருக்காக. பேரு இருக்குற நோவுக்கு வைத்தியமும் இருக்குமில்ல? பிள்ளைக்கு இதனால ஒரு கெடுதலும் கெடையாதுன்னு அந்தப் புள்ளை அடிச்சுச் சொல்லுச்சு. வலிக்கிறது உனக்கு மட்டுந்தேன். அதனாலதேன் வீட்டுல யாரும் கண்டுக்கல.

இப்ப எம் பேரன், அதான் உம் புருசன், அவன் சங்கதிக்கு வருவோம். நேத்து அவன் என்ன கேட்டான்? "படி ஏற முடியலங்கிற, ஆனா சோபாவுல நல்லாத்தான உக்காந்திருக்க?" கேட்டானா இல்லையா? நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. நான் திருப்பல. பத்து கிலோ அரிசிப் பைய எடுத்துத் துண்டால அவன் வயித்துல இறுக்கிக் கட்டுனேன். "இப்ப ஒத்தக் கால்ல நின்னு பேண்ட மாட்டு ராசா"ன்னேன். எல்லாம் முடியும்னு கால நொழச்சான். அரைக் கால் நொழையல, பீரோவுல போயி முட்டுனான். பீரோக் கண்ணாடி ஆடுன ஆட்டத்துல உம் மாமியா ஓடியாந்தா. "ஏண்டா, கொள்ளை கிள்ளை போச்சா?"ங்கிறா. "இல்லடி, உம் மகன் மாசமா இருக்கான்"ன்னேன். அதுல இருந்து அவன் உன்னைய ஏன் வலிக்குதுன்னு கேக்கல பாத்தியா.

வேடிக்கைக்குச் சொல்லலத்தா. ஒத்தக் கால்ல நிக்கிறதுதேன் இந்த வலிக்கு மொத எதிரி. ஒடம்புப் பாரம் அம்புட்டும் ஒரு பக்கத்து மூட்டுல எறங்கும். பாவாடை கட்டுறதோ சுடிதார் மாட்டுறதோ, உக்காந்துக்கிட்டே செய்யி. படி ஏறையில வலி கொறஞ்ச காலை மொதல்ல வையி, அடுத்த காலையும் அதே படியில கொண்டாந்து சேரு, பெறகு அடுத்த படி. எறங்கையில வலிக்கிற கால் மொதல்ல. பொண்ணு மாப்பிள்ளை பந்தலுக்கு வர்ற மாதிரி மெதுவா வா, யாரு பஸ்ஸு போகப்போகுது? வேணும்னா மேல போக வேண்டிய வேலைய ஒண்ணாச் சேத்து ஒரே தடவையில முடிச்சுக்க.

படுக்கையிலதேன் நீ ரொம்பப் பாடுபடுற. மல்லாக்கப் படுக்காத, ஒருக்களிச்சுப் படு. ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல தலகாணி வையி, கணுக்கால் வரைக்கும் முட்டுக் குடுக்கணும். புரளும்போது ஒரு காலை அங்கிட்டு வீசி இன்னொரு காலை இங்கிட்டு இழுக்கக் கூடாது. முழங்கால் ரெண்டையும் ஒட்டவச்சு, இடுப்பும் தோளும் ஒண்ணாத் திரும்பணும். எந்திரிக்கையில பக்கவாட்டுல திரும்பி, கால் ரெண்டையும் ஒண்ணாக் கீழ தொங்கவிட்டு, கையை ஊண்டி எந்திரி. தலகாணி பத்தலைன்னா உம் புருசன் தலகாணிய எடுத்துக்க. அவன் துண்டச் சுருட்டி வச்சுப் படுக்கட்டும். ராத்திரி வேற ஏதும் யோசனை அவனுக்கு வந்தா, அதுவும் உனக்கு வலிக்காத பக்கமாப் பாத்துத்தேன். வலிச்சா இல்லன்னு சொல்லிரு. இத நான் சொன்னேன்னு சொல்லு, வெக்கப்பட்டு ஓடிருவான்.

குடத்தை இடுப்புல வச்சு வளஞ்சு நடக்குறியே, அத இன்னையோட நிறுத்து. நம்ம ஊருப் பொம்பளைக்கு அதுதேன் அழகுன்னு எவனோ கிளப்பிவிட்டுட்டான், அவன் ஒரு நாளும் தண்ணி தூக்கலை. ஒரு பக்கம் பாரம் ஏத்துனா இடுப்பெலும்பு கோணிக்கும். மூத்தவளத் தூக்கி இடுப்புல வைக்கிறதும் அதே கணக்குத்தேன். அவள மடியில உக்கார வச்சுக் கொஞ்சு. தண்ணிய எம் பேரன் தூக்கட்டும், அவன் இடுப்புல இருக்குற பெல்ட்டுக்காவது ஒரு வேலை வரட்டும். பெருக்குறது, குனிஞ்சு கோலம் போடுறது, சம்மணம் போட்டு உக்காந்து காய் நறுக்குறது எல்லாம் வலியக் கூட்டும். "குனிஞ்சு நிமிந்து வேலை செஞ்சாத்தேன் சுகப்பிரசவம்"னு உம் மாமியா சொல்லுவா. நடமாட்டம் வேணும், நானும் ஒத்துக்கிறேன். வலிக்காத வேலைய விட்டுவிட்டுச் செய்யி. வலிக்கிற வேலைய அவ செய்யட்டும். சுகப்பிரசவத்துல அம்புட்டு ஆசைன்னா குனிஞ்சு நிமிந்து அவளும் ஒண்ணு பெத்துக்கிடட்டும்.

குத்தவச்சு உக்கார்ற கக்கூஸும் ஆகாது. மருந்துக் கடையில ஓட்டை போட்ட கம்மோடு நாற்காலி விக்கிறாக, அத வாங்கிப் போட எம் பேரன்கிட்டச் சொல்லிட்டேன். கவுரவம் போயிரும்னு முணுமுணுத்தான். உள்ள தாப்பாப் போட்டுட்டு இருக்குற எடத்துல என்னடா கவுரவம்? பைக்குல ஏறாத. காலை அகட்டிப் போட்டாலும் வலி, ஒருக்களிச்சு உக்காந்தாலும் இடுப்பு திருகும். கார்ல ஏறையில மொதல்ல சீட்டுல குண்டிய வையி, அப்புறம் கால் ரெண்டையும் சேத்து உள்ள திருப்பு. சீட்டு மேல ஒரு பாலித்தீன் பைய விரிச்சுக்கிட்டா வழுக்கிக்கிட்டு சொகமாத் திரும்பலாம். ஜவுளிக்கடைப் பை இந்த வீட்டுல எத்தனை கெடக்கு!

அடுத்த மாசம் வளைகாப்பு. அதுதேன் எனக்குப் பெரிய கவலை. மணையில சம்மணம் போட்டு உக்கார வச்சு, வர்றவ போறவ எல்லாம் சந்தனம் பூசி, வளையல் போட்டு, போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்லி, மணிக்கணக்கா எந்திரிக்க விட மாட்டாக. உங்க சின்னத்தை மட்டும் மூணு சேலை மாத்திக்கிட்டு மூணு தடவை வளையல் போட வருவா. அன்னிக்குக் கை வச்ச நாற்காலியத்தேன் போடணும்னு இப்பவே சொல்லிட்டேன். "மணையில உக்காரலைன்னா சாங்கியம் கெட்டுரும்"னு ஒருத்தி இழுத்தா. கல்யாணத்துல நீ மணையில உக்காந்தியேடி, அப்புறம் பத்து வருசம் புருசன் கூடப் பேசாம இருந்தியே, எந்தச் சாங்கியம் காப்பாத்துச்சுன்னு கேட்டேன். வாய மூடிட்டா. அப்பயும் மணை வேணும்னா நாற்காலிக்குக் கீழ போட்டு உங் காலை அது மேல வச்சுக்கிடலாம், ரெண்டு பேருக்கும் மரியாதை.

நம்ம ஊர்ல சுளுக்கு எடுக்குற ஆளு ஒருத்தர் இருக்காரு, வெளக்கெண்ணெய் தடவி உருவிவிட்டா எலும்பு எடத்துக்கு வந்துரும்னு சொல்லிக்கிட்டு வருவாரு. வாசல்ல மோரு குடுத்து மரியாதையா அனுப்பிரு. தளந்த மூட்டைப் புடிச்சு இழுக்குறதுக்கு இது மாட்டுக் காலா? அதேமாதிரி மருந்துக் கடையில இடுப்பு வலின்னு சொல்லி மாத்திரை வாங்கித் தின்னுறாத. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் மாதிரி மாத்திரை மாசமா இருக்கையில, அதுவும் 20 வாரத்துக்கு மேல, பிள்ளையோட கிட்னியப் பாதிச்சுப் பனிக்குடத் தண்ணியக் கொறச்சுரும். டாக்டரம்மாகிட்டக் கேட்டா பாராசிட்டமால் எம்புட்டு, எப்பன்னு அவுகளே சொல்லுவாக. இடுப்புக்குன்னு ஒரு பெல்ட் இருக்கு. வயித்துக்குக் கீழ, இடுப்பெலும்பு மேல கட்டணும். அளவு பாத்துக் கட்டிவிடச் சொல்லிக் கத்துக்க, கண்டபடி இறுக்காத. உடற்பயிற்சியும் சொல்லித் தருவாக. ஒண்ணுக்கு வர்றத அடக்குற மாதிரி அடித்தசைய இறுக்கி விடுறது ஒண்ணு. அத நீ டிவி பாத்துக்கிட்டே செய்யலாம், ஒரு ஆளுக்கும் தெரியாது. சீரியல்ல மாமியாக்காரி வர்றப்பல்லாம் ஒண்ணு செய்யி, நாளுக்கு நூறு தேறிரும்.

ஒண்ணுல மட்டும் நான் வெளையாட மாட்டேன். எல்லா வலியும் இந்த வலி ஆகாது. அடிவயிறு கல்லாட்டம் இறுகி இறுகி விட்டு வந்தா, ரத்தம் பட்டா, தண்ணி ஒழுகுனா, காய்ச்சல் அடிச்சா, ஒண்ணுக்குப் போகையில எரிஞ்சா, பிள்ளை துடிப்புக் கொறஞ்சா, கால் மரத்து ஒண்ணுக்கே அடக்க முடியாமப் போனா, உடனே ஆஸ்பத்திரி. சூட்டு வலின்னு சொல்லிச் சீரகத் தண்ணி காச்சிக்கிட்டு உம் மாமியா நிப்பா. தண்ணி கொதிக்கிறதுக்குள்ள 108-க்குப் போன் போடு. சீரகத் தண்ணிய நான் குடிச்சுக்கிறேன், எனக்கும் வாயுத் தொல்லைதேன்.

இந்த வலி இருந்தா வயித்தக் கிழிச்சுத்தேன் எடுக்கணும்னு எவளாவது சொன்னா நம்பாத. பெரும்பாலும் சுகப்பிரசவந்தேன் ஆகுது. ஆனா முன்கூட்டியே சொல்லி வைக்கணும். கொஞ்ச நேரம் மட்டும் மல்லாக்கப் படுத்துக்கிட்டு வலி வராம முழங்காலை எம்புட்டுத் தூரம் அகட்ட முடியுதுன்னு இப்பவே அளந்து குறிச்சு வச்சுக்க. பிரசவ வார்டுல, "எனக்கு இடுப்பு மூட்டுல வலி இருக்கு, காலை இதுக்கு மேல இழுக்காதீக, ஒருக்களிச்சுப் படுக்க விடுங்க"ன்னு சொல்லு. ஊசி போட்டு மரக்கவச்சா வலியே தெரியாது, அப்ப இன்னும் கவனமாச் சொல்லு. நீ கத்துற கத்துல மறந்துருவ. அதனால ஒரு சீட்டுல எழுதி உன் செக்கப் அட்டையோட சொருகி வையி. பெத்த பெறகு பெரும்பாலும் இது தானா விட்டுரும். விடலைன்னா அப்பயும் வாய மூடிக்கிட்டு இருக்காத, பிசியோதெரபிக்குப் போ.

வர்ற 9-ஆம் தேதி நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல மாசமா இருக்கவுகளுக்குன்னே டாக்டரம்மா பாக்குற நாளு. எம் பேரன ஆட்டோ பிடிச்சாரச் சொல்லிட்டேன். நீ போனதும் "நல்லாருக்கேன் மேடம்"னு பல்லக் காட்டிட்டு வந்துறாத. எங்க வலிக்குதுன்னு கைய வச்சுக் காட்டு, பிசியோதெரபிக்கு எழுதிக் குடுங்கன்னு கேளு. கேக்க வெக்கமா இருந்தா சொல்லு, நான் கூட வாரேன். எம் முழங்காலையும் அப்படியே காட்டிக்கிறேன்.