லீவு இருக்கு, காசு எங்கே?

கேள்வி: சரண் விடுப்பு என்கிறார்களே, அரசு ஊழியர் லீவு எடுக்காமல் இருப்பதற்குக் காசா?
(ஒரு வியாபாரி, காங்கேயம்)

பதில்: ஆமாம். எடுத்தால் உங்களுக்குக் கோபம், எடுக்காவிட்டால் பொறாமை! ஈட்டிய விடுப்பில் ஆண்டுக்கு 15 நாளை அரசிடமே ஒப்படைத்துவிட்டு, அதற்கான சம்பளத்தை வாங்கிக்கொள்வதுதான் சரண். பல வீடுகளில் அந்தப் பணம் ஜூன் மாதம் பள்ளிக்கூட வாசலில் போய்ச் சரணடைந்துவிடும்.

கேள்வி: கொரோனாவுக்காக ஒரு வருஷம்தானே சரணை நிறுத்தினார்கள்?
(இளநிலை உதவியாளர், திண்டுக்கல்)

பதில்: 2020 ஏப்ரலில் அரசாணை அப்படித்தான் சொன்னது. பிறகு இன்னொரு வருஷம், அப்புறம் 'மறு உத்தரவு வரும் வரை'. கோட்டையில் ஆட்சி மாறியது. தற்காலிகமாக வந்த அந்த ஆணை மட்டும் பணி நிரந்தரம் பெற்றுவிட்டது. 2025 மார்ச் பட்ஜெட்டில், '2026 ஏப்ரல் முதல் தருகிறோம்' என்றார்கள். அடுத்த மாதமே முதல்வர் சட்டமன்றத்தில் 110 விதியின் கீழ், 2025 அக்டோபர் 1 முதலே என்று அறிவித்தார். சட்டமன்றத் தேர்தல் எந்த ஆண்டு என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

கேள்வி: லீவு நாட்கள் கணக்கில் பத்திரமாகத்தானே இருந்தன? சங்கங்கள் ஏன் கூச்சல் போட்டன?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: பாதி சரி. கணக்கில் 240 நாளுக்கு மேல் சேராது. நிரம்பிய தொட்டிக்கு மோட்டார் போட்ட கதைதான், மேற்கொண்டு வருவதெல்லாம் வழிந்தோடும். வருஷக்கணக்காக லீவே போடாமல் உழைத்தவருக்குத்தான் முதல் அடி. லீவு போட்டு ஊர் சுற்றியவருக்கு ஒரு நாள்கூட வீணாகவில்லை! ஆசிரியர், அரசு ஊழியர் சங்கக் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நண்பர்கள் கோபிக்க வேண்டாம், இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 100, 150 நாள் வைத்திருப்பவருக்கு அது முழு நஷ்டமில்லை. ஓய்வுபெறும்போது கடைசிச் சம்பளக் கணக்கில், இன்றையதைவிடக் கூடுதலாகவே கைக்கு வரும். தை மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவரிடம் மட்டும் இந்தக் கணக்கைச் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஸ்டிரைக் செய்து வாங்கியிருக்கலாமே?
(கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: தம்பி, 2003 ஜூலையில் நீங்கள் பிறந்திருக்க மாட்டீர்கள். சலுகைகளைப் பறித்ததை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை ஜெயலலிதா அரசு டிஸ்மிஸ் செய்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமோ, வேலைநிறுத்தத்துக்கு அடிப்படை உரிமை, சட்ட உரிமை மட்டுமல்ல, தார்மீக உரிமைகூடக் கிடையாது என்றது. பெரும்பாலோருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குத் தமிழகத்தில் ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை. ஓட்டுப் போடுவதை எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லையே!

கேள்வி: வெளிநாட்டில் இந்தக் கூத்து உண்டா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி)

பதில்: டென்மார்க்கில் 1686 முதல் இருந்த பிரார்த்தனை நாள் விடுமுறையை, ராணுவச் செலவைக் காட்டி, 2024 முதல் ரத்து செய்தார்கள். சாமிக்கு ஒதுக்கியது பீரங்கிக்குப் போயிற்று! தொழிற்சங்கங்கள் கோபன்ஹேகனில் பல்லாயிரம் பேரைத் திரட்டியும் அரசு மசியவில்லை. ஆனால் கூடுதல் வேலைக்காக ஆண்டுச் சம்பளத்தில் 0.45 சதவீதம் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே நாள் போய்க் காசு வந்தது. இங்கே ஐந்தரை வருஷம் நாள் இருந்தது, காசு வரவில்லை.

கேள்வி: எங்களைப் போன்ற தனியார் கம்பெனி ஊழியர்களைப் பற்றி யாருமே பேச மாட்டேன் என்கிறீர்களே?
(ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

பதில்: பேசலாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு, ஆபீஸ் மெயிலிலிருந்தா இதை அனுப்புவீர்கள்?