முழமும் க்யூஆர் கோடும்: ஒரு பூக்கடை ஆய்வு

தமிழர்கள் மாற்றத்தை ஏற்பவர்களா, எதிர்ப்பவர்களா என்று அறிய நூலகம் நூலகமாக அலைய வேண்டியதில்லை. மயிலாப்பூர் மாட வீதியில் ஏதேனும் ஒரு பூக்கூடை முன்னால் கால் மணி நேரம் நின்றால் போதும். பூவை முழத்தில் அளக்கிறார்கள். காசை க்யூஆர் கோடில் வாங்குகிறார்கள். ஒரே ஆள், ஒரே வியாபாரம். ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொன்றை மட்டும் மாற்றியது ஏன் என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதலில் இலக்கணம். முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். அதாவது இரண்டு சாண், ஏறக்குறைய ஒன்றரை அடி. இது ஏட்டு முழம். புழக்கத்தில் இருப்பது கடை முழம். இதில் கை சற்றே மடங்கும். எவ்வளவு மடங்கும் என்பது அன்று முகூர்த்த நாளா, மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைந்திருக்கிறதா, வாங்குகிறவர் செல்போனில் பேசிக்கொண்டிருக்கிறாரா என்பவற்றைப் பொறுத்தது.

இதை ஒழிக்க அரசு முயலாமல் இல்லை. 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. 2009-இன் சட்டமோ, வேறு அலகில் விலை சொல்வதே தவறு என்கிறது. ஆழாக்கும் வீசையும் பணிந்து போயின. முழம் மட்டும் கேட்கவில்லை. இத்தனைக்கும் அந்த மீட்டர் ஒன்றும் உறுதியான ஆள் இல்லை. 1889-இல் பிளாட்டினம்–இரிடியம் கட்டையாக இருந்தது. 1960-இல் கிரிப்டான் ஒளியின் அலைநீளத்துக்குத் தாவியது. 1983 முதல் வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரமாகிவிட்டது. இவ்வளவு காலமும் பூக்காரம்மாவின் கை அவர் தோளிலேயேதான் இருக்கிறது.

ஆனால் அதே கையின் பக்கத்தில், கூடையின் விளிம்பில், ஓர் அட்டை. ஜப்பானில் 1994-இல் கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவான கட்டங்கள் அதில் இருக்கின்றன. யுபிஐ வந்தது 2016-இல். சட்டமோ இன்ஸ்பெக்டரோ தேவைப்படவில்லை. கூடைக்கடியில் குட்டி ஸ்பீக்கரும் வந்து உட்கார்ந்து, “நாற்பது ரூபாய் பெறப்பட்டது” என்று கோயில் மணியோடு போட்டி போடுகிறது.

நமது கருதுகோள் இதுதான்: மனிதர் தம் கையிருப்பில் உள்ள நெகிழ்வைப் பறிக்காத மாற்றத்தை உடனே ஏற்பார், பறிப்பதை எந்தச் சட்டம் சொன்னாலும் ஏற்க மாட்டார். க்யூஆர் கோடு சில்லறைத் தொல்லையைத் தீர்த்தது, முழங்கையைத் தொடவில்லை. மீட்டரோ நேராக முழங்கைக்கே குறி வைத்தது.

களச் சோதனையாக, தையல் டேப் ஒன்றை நீட்டி, “அக்கா, இதுல அளந்து தாங்களேன்” என்றோம்.

“தாராளமா. டேப்புல அளந்தா தளர்த்திக் கட்டினதைத்தான் தருவேன், பரவாயில்லையா?”

இங்கே ஆய்வே திசை திரும்பியது. நாம் நீளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, வியாபாரம் நடப்பது நெருக்கத்தில். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நூலை ஒரு சுற்று, ஒரு இழுப்பு. அந்த முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் இடையில் விடுகிற இடைவெளியில்தான் லாப நஷ்டம் இருக்கிறது. அதை அளக்க ஒளியின் வேகமும் உதவாது. வாழை நாரிலிருந்து நூலுக்கு மாறியபோதும் அவர்கள் முணுமுணுக்கவில்லை. நூலிலும் இடைவெளி விட முடிகிறதே.

அலுவலகங்களுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். புது சாஃப்ட்வேர் வந்தால் ஊழியர்கள் முரண்டு பிடிக்கிறார்கள் என்று நிர்வாகம் ஆள் வைத்துப் பயிற்சி தருகிறது. சாஃப்ட்வேர்மீது யாருக்கும் கோபம் இல்லை. பழைய நோட்டில் “நேற்று வந்தது” என்று இன்று எழுத முடிந்தது. புதியதில் தேதி தானாக விழுகிறது. கோபம் அந்தத் தேதியின் மேல். இரண்டு நாள் சலுகை ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள், மறுநாளே எல்லோரும் கணினி மேதைகள்.

ஆய்வுக்கு ஒரு குறை உண்டு: கொசுறு. ஸ்பீக்கர் தொகையை அறிவித்து, கணக்கு முடிந்த பிறகு, அந்த அக்கா ஒரு விரற்கடை நீளம் கிள்ளிப் பொட்டலத்தில் சேர்த்தார். இது எந்த வங்கியிலும் பதிவாகாது. நம் கருதுகோளிலும் அடங்கவில்லை.

பொட்டலத்தோடு முடிவுகளைப் புறத்தேர்வுக்காக அம்மாவிடம் சமர்ப்பித்தோம். அவர் கட்டுரையைப் புரட்டவில்லை. சரத்தை எடுத்துத் தன் முழங்கையில் வைத்துப் பார்த்தார்.

“முக்கால்தான்டா இருக்கு.”

அவர் கை நீளம் என்று வாதாடினோம். தேர்வாளர் அதை ஏற்கவில்லை.