பெஞ்சு யாருக்கு?

கொச்சியின் மட்டாஞ்சேரியை விற்கிறவர்கள் முதலில் எடுத்து விடுகிற சரக்கு 'பன்முக அடையாளம்'. கொங்கணி, குஜராத்தி, கச்சி மேமன், யூதர், தமிழர் என்று ஒரு கைப்பிடி நிலத்தில் இத்தனை பேர் கூடிக் குலாவினார்களாம். காது குளிர்கிறது. அங்கே போர்த்துகீசியர் கட்டிய அரண்மனைக்கு, பிற்பாடு பழுது பார்த்த டச்சுக்காரர் பெயர்தான் வழங்குகிறது. போகட்டும், கட்டடம் புகார் கொடுக்காது. மனிதர்கள் கொடுத்தார்கள். அந்தப் புகார்தான் சுற்றுலாப் பலகையில் இல்லை.

அரண்மனையை ஒட்டியே 1568-ல் கட்டிய பரதேசி சினகாக், அதாவது யூத ஆலயம். செருப்பைக் கழற்றி, டிக்கெட் வாங்கி உள்ளே போனால் நீலமும் வெள்ளையுமாகச் சீனத்து ஓடுகள். எல்லாரும் குனிந்து தரையை வியக்கிறார்கள். அங்கே பெஞ்சில் உட்கார முடியாமல் தரைக்கு அனுப்பப்பட்டவர்கள் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பின்னால் வந்து இறங்கியவர்கள் 'வெள்ளை யூதர்' ஆனார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்தவர்கள் 'கறுப்பு யூதர்'. அடிமைகளாயிருந்து விடுவிக்கப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அதற்கும் கீழ்த்தட்டு. நேற்று வந்தவர், முந்தாநாளே இருந்தவரைப் பார்த்து, "நீ அசல்தானா?" என்று கேட்டார். 16-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கு கெய்ரோவிலிருந்த ரபி டேவிட் பென் ஜிம்ராவிடம் போனது. முறைப்படி நீராட்டிவிட்டால் அவர்களும் யூதர்களே, பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம் என்று பதில் வந்தது. பாதகமாக வந்திருந்தால் கல்லில் வெட்டி வாசலில் நட்டிருப்பார்கள். சாதகமாக வந்ததால் மடித்து வைத்துவிட்டார்கள்.

இன்னொரு கூத்து. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வட்டெழுத்தில் செப்பேடு கொடுத்தான். 72 உரிமைகள், அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய அடையாளச் சான்று கிடையாது. அது கடைசியில் யார் காவலில் போய்ச் சேர்ந்தது? வெள்ளை யூதரின் பரதேசி சினகாக்கில். குடியிருந்தவன் வாசலில், பட்டா வந்தவன் பெட்டியில்.

விடுவிக்கப்பட்டவர்களின் வழியில் வந்தவர் ஏ. பி. சேலம். சென்னையில் சட்டம் படித்தார். கொச்சி சட்டசபையில் பேசினார். 1929-ல் லாகூர் காங்கிரசுக்குப் போனார். ராஜா சபையில் அவருக்கு நாற்காலி உண்டு, சொந்த ஆலயத்தில் பெஞ்சு கிடையாது. காந்தியின் சத்தியாகிரகத்தை அவர் வெள்ளைக்காரனுக்கு எதிராக மட்டும் செலவழிக்கவில்லை, சினகாக்குக்குள்ளும் நடத்தினார். தடைகள் ஒரே நாளில் விழவில்லை. பிச்சை போடுவதுபோல ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்கள். இந்த மண்ணில் கப்பலேறி வந்திறங்கிய கடவுளுக்கும் முதல் பாடம் திண்ணை எது, தெரு எது என்பதுதான் போலிருக்கிறது.

யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். சண்டை போட்டுக் காத்த பெஞ்சுகளில் உட்கார இப்போது ஆளில்லை. கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்கள் உள்ளூரில் தேறுவதில்லை. கறுப்பு யூதர்கள் 1544-ல் கட்டிய கடவும்பாகம் சினகாக்கின் மரவேலைப்பாடு ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. சுவர்கள் மட்டாஞ்சேரியிலேயே கிடங்காகக் கிடந்து, 2019 மழையில் சரிந்தன.

தமிழர்கள் சிரிக்க வேண்டாம். கொஞ்சம் தள்ளி, ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் வெளுத்துக் கொண்டிருப்பவர்கள் நம் வண்ணார்கள். டச்சுப் பட்டாளத்தின் துணி துவைக்கக் கூட்டிவரப்பட்டவர்களின் வாரிசுகள். அவர்களைப் பார்த்து "அடடா, தமிழ்!" என்று உருகிப் படமெடுத்துக்கொள்கிற அன்பர்கள், ஊர் திரும்பியதும் நம் அரசாங்கப் பட்டியலையும் ஒருமுறை புரட்டட்டும். வண்ணார் தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைத் தாலுகாவிலும் மட்டும் பட்டியல் சாதி. அந்த இரண்டும் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண். காரணம் அவ்வளவுதான். மூட்டை அதே மூட்டை, "தள்ளி நில்" என்ற குரலும் அதே குரல். ஆனால் செங்கோட்டையில் ஒரு பட்டியலில் இருப்பவர், பக்கத்துத் தென்காசியில் பிறந்திருந்தால் வேறு பட்டியல். தீண்டாமை எந்த மைல்கல்லோடு நின்றது என்று தாசில்தாரைக் கேட்டுப் பாருங்கள். மனு எழுதி, நகல் இணைத்து, திங்கட்கிழமை வரச் சொல்வார்.